நேற்று வைத்த மீன் குழம்பு: சுடவைத்தால் மட்டும் போதுமா?

(ஜூன் 7, உலக உணவுப் பாதுகாப்பு நாளை ஒட்டி நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டரும் இல்லை, கேட்டரிங் படித்தவனும் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என் பொறுப்பு. எனவே எனக்குத் தெரிந்த முறையில், ஒரு கணக்காகவே இதைச் சொல்லப் போகிறேன். சைவக் குடும்பங்கள் எழுந்து போய்விட வேண்டாம். நான் சொல்வதில் பாதிக்கு மேல் சாம்பாருக்கும் கூட்டுக்கும் பொருந்தும்.

இந்தத் தலைப்பை ஏன் எடுத்தேன்? நம்மில் பல வீடுகளில் ஒருவராவது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறார். இரண்டாம் ஷிப்டு முடித்து அவர் வீடு வந்து சேர இரவு பதினொன்று ஆகிறது. அவர் சாப்பிடுவது மதியம் ஒரு மணிக்கு இறக்கிய குழம்பு. நடுவில் பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரமும் குழம்பு எங்கே இருந்தது? "அதனால் என்ன, நன்றாகக் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்தேன்.

வாங்கும்போதே தொடங்கும் கணக்கு

நான் பேசப்போவது சூரை மீன் குழம்பைப் பற்றி. ஆங்கிலத்தில் டூனா என்பார்களே, அதுதான். விலை கட்டுப்படியாகும், முள் தொல்லை குறைவு, சதை கெட்டி. பழவேற்காடு ஏரியிலிருந்து வரும் மடவை, இறால், நண்டு போல இது பக்கத்துச் சரக்கு அல்ல, கடல் மீன். பல நாள் கடலில் தங்கும் படகில் ஐஸில் கிடந்து, துறைமுகத்தில் இறங்கி, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்று கைமாறி நம்மிடம் வருகிறது. இப்போது நடப்பது தடைக்காலம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் போவதில்லை. அதனால் வெளியூர்ச் சரக்கும் குளிர்பதனச் சரக்கும் அதிகம் வருகின்றன. அதாவது, பயணம் இன்னும் நீளம்.

பயணத்தைப் பற்றி ஏன் கவலை? சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையாகவே நிறைய இருக்கிறது. மீன் செத்த பிறகு ஐஸ் இல்லாமல் வெதுவெதுப்பில் கிடந்தால், பாக்டீரியா அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலிக்கும் இதே குணம் உண்டு. ஹிஸ்டமினுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முக்கியமான செய்தி இதுதான்: ஒருமுறை உண்டாகிவிட்டால் அதைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது, பொரித்தும் போக்க முடியாது, ஃப்ரீசரில் வைத்தும் போக்க முடியாது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் மதிய டப்பாவில் சூரை மீன் கொண்டுவந்து சாப்பிட்டார். அரை மணியில் முகம், கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. தலைவலி, உடம்பு முழுக்க அரிப்பு, படபடப்பு. மீனே ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று வீட்டில் சொல்லி, அவர் சில காலம் மீனையே விட்டிருந்தார். பிறகு ஒரு கல்யாணத்தில் அதே சூரையைச் சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வாமை வேறு, ஹிஸ்டமின் நச்சு வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மீன் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் இப்படி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். டாக்டரிடம் போங்கள், என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

ஆகவே மீன் கடையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி, மளிகை, மருந்து எல்லாம் வாங்கி முடித்துவிட்டு மீன். ஐஸில் கிடக்கும் மீனாகப் பாருங்கள், ஐஸ் பக்கத்தில் கிடக்கும் மீன் வேண்டாம். செவுள் சிவப்பாக, கண் குழியாமல், அழுத்தினால் பள்ளம் விழாமல் இருக்க வேண்டும். வெட்டிக் கொடுப்பவரிடம் இரண்டு கை ஐஸ் கேட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் மறுப்பதில்லை. பொன்னேரியில் வாங்கிக்கொண்டு ரயிலில் வருகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். வீட்டுக்கு வந்ததும் உடனே சமைக்கவில்லையென்றால் மீன் நேராக ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். ஃப்ரீசரில் இருந்த மீனை சிங்க் மேடையில் வைத்து உருக விடாதீர்கள். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

குழம்பு வைக்கும் முறை

சுத்தம் செய்த சூரைத் துண்டுகள் ஒரு கிலோ. நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு சதை ஓடும், அதை எடுத்துவிட்டால் வாடை குறையும். மஞ்சளும் உப்பும் போட்டு இரண்டு தரம் அலசி, சமைக்கும் வரை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பெரிய எலுமிச்சை அளவு புளி, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கிண்ணம், பூண்டு பதினைந்து பல், தக்காளி மூன்று, குழம்பு மிளகாய்த்தூள் நாலு மேசைக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை, நல்லெண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி. எண்ணெயில் வெந்தயம் சிவந்ததும் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலையை வதக்கி, தக்காளி கரைந்ததும் தூளைப் போட்டுப் பச்சை வாசனை போகக் கிளறுங்கள். புளித்தண்ணீரும் உப்பும் சேர்த்து மூடாமல் கொதிக்க விடுங்கள். ஓரத்தில் எண்ணெய் பிரிய இருபது நிமிடமாவது ஆகும். அவசரப்படாதீர்கள், குழம்பின் ருசியே அங்கேதான் இருக்கிறது. அதன்பிறகு மீனைப் போட்டு எட்டு முதல் பத்து நிமிடம். சூரை அதற்குமேல் வெந்தால் சக்கை போல் ஆகிவிடும். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஆட்டிவிடுங்கள். மாங்காய்க் காலத்தில் இரண்டு துண்டு மாங்காய் போட்டால் கேட்கவே வேண்டாம்.

மறுநாளுக்கும் வேண்டும் என்றால் தேங்காய் அரைத்து ஊற்றாதீர்கள், தேங்காய் சேர்த்த குழம்பு சீக்கிரம் கெடும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், புளி அதை அரிக்கும். மண்சட்டி அல்லது எவர்சில்வர் போதும்.

கூட்டு வட்டி

இனி சேமிப்பு. இங்கேதான் என் பழைய தொழில் உதவுகிறது. வசதியான சூட்டில், வசதியான சாப்பாட்டில் பாக்டீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். ஒரு மணி நேரத்தில் எட்டு. ஏழு மணி நேரத்தில் 21 தரம் இரட்டித்து 20 லட்சத்தைத் தாண்டிவிடும். எந்த வங்கியும் இப்படி வட்டி கொடுத்ததில்லை!

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது. 5 டிகிரிக்குக் கீழே அல்லது 60 டிகிரிக்கு மேலே இருந்தால் சமைத்த உணவு பத்திரம். நடுவில் இருப்பது ஆபத்தான இடம். அந்த இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் வைக்கக் கூடாது. மே, ஜூன் மாதத்தில் நம் ஊர்ச் சமையலறை எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெயில் காலத்தில் நான் ஒரு மணி நேரத்தையே கெடுவாக வைத்திருக்கிறேன்.

"கொதிக்க வைத்தால் கிருமி செத்துப்போகுமே?" பெரும்பாலானவை செத்துப்போகும். ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன் நச்சை விட்டுவிட்டுப் போகும், அது கொதியிலும் அழியாது. கையிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் அப்படிப்பட்டது. ருசி பார்த்த கரண்டியைத் திரும்பக் குழம்பில் போடாதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். ராத்திரி முழுக்கக் குக்கரில் கிடந்த சோற்றைக் காலையில் தாளித்துக் கொடுப்பதிலும் இந்த ஆபத்து உண்டு. பாசில்லஸ் என்ற கிருமி சோற்றில் விடும் வாந்தி நச்சு தாளிப்பதால் போகாது. ஆக, சுடவைப்பது இப்போது இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். குழம்பு வெளியே கிடந்த நேரத்தைத் திருப்பித் தராது.

பாட்டி காலத்தில் கெடவில்லையே?

நியாயமான கேள்வி. பாட்டி வைத்த குழம்பில் புளி கெட்டி, உப்பு தூக்கல், மேலே ஒரு விரல் நல்லெண்ணெய். இரத்த அழுத்தம், கொழுப்பு என்று நாம் மூன்றையும் குறைத்துவிட்டோம். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் குழம்பைக் காத்த மூன்று காவலாளிகளும் அவர்களேதான். பாட்டி இரவு ஒருமுறை, விடிந்ததும் ஒருமுறை தவறாமல் கொதிக்க வைத்தார். மீன் பெரும்பாலும் அன்றைக்குப் பிடித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் "சூடு" என்றோ "கண் பட்டது" என்றோ சொன்னார்களே தவிர, குழம்பை யாரும் சந்தேகப்படவில்லை.

சூரையை நாள்கணக்கில் வைக்க வேண்டும் என்றால் நம் முன்னோர் வேறு வழி வைத்திருந்தார்கள். லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் சூரையை அவித்து, புகை போட்டு, வெயிலில் கட்டையாகக் காயவைத்து மாசி ஆக்குகிறார்கள். இலங்கைத் தமிழர் சம்பலில் இடிப்பது அதைத்தான். ஈரத்தை எடுத்துவிட்டால் மாதக்கணக்கில் வரும். ஈரமாக வைத்துக்கொண்டு கெடாமலும் இருக்க வேண்டும் என்றால் குளிர்ச்சி ஒன்றுதான் வழி.

எப்படி வைப்பது?

முதல் விதி: சாப்பிட உட்காரும் முன்பே பிரித்து எடுத்துவிடுங்கள். மிஞ்சியதை எடுத்துவைப்பது என்ற வழக்கம்தான் தவறு. ஷிப்டுக்காரருக்கு, நாளைக்கு, இப்போதைக்கு என்று மூன்று பங்கு. முதல் இரண்டு பங்கையும் சுத்தமான கரண்டியால் அகலமான, ஆழமில்லாத எவர்சில்வர் டப்பாவில் ஊற்றுங்கள். ஐஸ் கட்டி போட்ட தண்ணீர்த் தட்டில் டப்பாவை வைத்தால் அரை மணிக்குள் சூடு தணியும். உடனே மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மண்சட்டியோடு வைக்காதீர்கள். சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், நடுக்குழம்பு ஆறப் பல மணி நேரம் ஆகும்.

இரண்டாவது விதி: ஹாட்பாக்ஸை நம்பாதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் "டூனா கேசரோல்" செய்தேன் என்று போட்டோ அனுப்புகிறார்கள். அங்கே அது டின் சூரை, நூடுல்ஸ், காளான் சூப், சீஸ் எல்லாம் சேர்த்து அவனில் சுடுகிற பண்டம். டின்னைத் திறந்த நிமிடத்திலிருந்து அதற்கும் இதே இரண்டு மணி நேரக் கணக்குதான். இங்கே நமக்குக் கேசரோல் என்றால் சூடு காக்கும் டப்பா. இட்லி, சப்பாத்திக்கு ஓரிரு மணி நேரம் அது சரி. மதியம் ஊற்றிய மீன் குழம்பு அதில் மெள்ள மெள்ள 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, இரவு பதினொன்று வரை ஆபத்தான இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், வீட்டில் உள்ளவர்களும் சூடாகத்தானே இருக்கிறது என்று திருப்தியாக இருப்பார்கள். பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது.

மூன்றாவது விதி: ஃபிரிட்ஜில் உள்ள 5 என்ற எண் 5 டிகிரி அல்ல. அது குளிரூட்டும் அளவு மட்டுமே. ஒரு சின்ன ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கி நடுத்தட்டில் வைத்துப் பாருங்கள், 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். பச்சை மீன் எப்போதும் கீழ்த்தட்டில், சமைத்தது மேல்தட்டில். டப்பா மேல் தேதி எழுதி ஒட்டுங்கள். வணிகவியல் படித்தவர்களுக்கு "முதலில் வந்தது முதலில் வெளியே" என்ற கணக்கு நினைவிருக்கும். குழம்புக்கும் அதேதான். ஃபிரிட்ஜில் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஃப்ரீசரில் இரண்டு மாதம் வரை வைக்கலாம், ஆனால் சூரைத் துண்டு வறண்டுபோகும்.

எப்படிச் சுடவைப்பது?

சாப்பிடும் அளவை மட்டும் எடுங்கள். டப்பா முழுவதையும் வெளியே எடுத்துச் சுடவைத்து, மிச்சத்தை மறுபடி உள்ளே வைக்காதீர்கள். சுடவைப்பது ஒரே ஒருமுறைதான். மீனைத் தனியே எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் தளதளவென்று கொதிக்க விட்டு, பிறகு துண்டுகளை மெதுவாக இறக்கி, மூடிபோட்டு மூன்று நான்கு நிமிடம் கொதியில் வையுங்கள். மீன் உடையாது, நடுச்சதை வரை சூடேறும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் கொதிக்கும், நடு ஜில்லென்று இருக்கும். பாதியில் நிறுத்தி, கிளறி, துண்டைத் திருப்பி, மறுபடி வைத்து, ஆவி பறந்த பிறகே எடுங்கள். நள்ளிரவில் வருகிறவர் தானே சுடவைத்துக்கொள்வார் என்றால் இந்த முறையை அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாட்கள் நமக்குத் தெரியும். நம் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும்தான் ஓடுகிறது. ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். எனவே முந்தின நாள் மீன் குழம்பைக் குறைவாக வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் மாவட்டத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் ஃபிரிட்ஜில் உள்ள மீனை முகர்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். மணிக்கணக்கைப் பாருங்கள், தாண்டிவிட்டால் கொட்டிவிடுங்கள். மின்தடை அறிவிப்பை முந்தின மாலையே வாட்ஸ்அப் குழுவில் போடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று

மிச்சம் இருந்தால் நாம் யாருக்குக் கொடுக்கிறோம்? வாசலில் இருக்கும் வாட்ச்மேனுக்கு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு, கட்டட வேலைக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிமாநிலப் பையன்களுக்கு. கொடுப்பது நல்ல மனசு. ஆனால் எப்போது கொடுக்கிறோம்? மூன்று நாள் ஃபிரிட்ஜில் இருந்து, நம் வீட்டில் யாரும் தொடாததைக் கொடுக்கிறோம். அவர்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. நாம் காலையில் கொடுத்ததை அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு என்று எடுத்து வைப்பார்கள். நமக்கு வயிறு கெட்டால் ஒருநாள் லீவு, டாக்டர், மருந்து. தினக்கூலிக்காரருக்கு அது அன்றைய சம்பளம்.

கொடுப்பதென்றால் அன்றைக்கே, சூடாக, நாம் சாப்பிடும் நேரத்திலேயே ஒரு பங்கை எடுத்துக் கொடுங்கள். "மதியம் வைத்தது, இப்போதே சாப்பிட்டுவிடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் பிள்ளைக்குப் போடத் தயங்கும் குழம்பை இன்னொருவர் பிள்ளைக்குப் போட வேண்டாம். அதைக் கொட்டிவிடுவது பாவமில்லை. அடுத்த ஞாயிறு அரை கிலோ குறைத்து வாங்கினால் கொட்டவும் வேண்டியதில்லை.

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். ஐஸோடு வாங்குங்கள். சாப்பிடும் முன் பிரியுங்கள். ஆழமில்லாத டப்பாவில் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்குள், தேவையான அளவு மட்டும், ஒரே ஒருமுறை, கொதிக்கக் கொதிக்கச் சுடவையுங்கள். சந்தேகம் வந்தால் ருசி பார்க்காமலே கொட்டுங்கள். மறுநாள் மீன் குழம்புக்கு இருக்கிற ருசியை யாரும் விட வேண்டியதில்லை. நேரத்தைப் பார்த்து வைத்தால் போதும்.